கிருமிக்குக் குடைபிடித்த என் மாமியார்

அவரை வளர்ப்போர் சங்கத்தின் அச்சாணியாய் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே, முன்வரிசையில் கைக்குட்டை போட்டு இடம்பிடித்த முன்னேற்றச் சிந்தனையாளர்களே, எல்லோருக்கும் மேலாக, என்னை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் என் மாமியார் அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் நேசிப்பது அவரை. எவரை என்று என் மனைவி முகம் சிவக்க வேண்டாம். காய்க்கும் அவரையைத்தான் சொன்னேன்.

சென்ற பருவத்தில் அந்த அவரைக்கு வந்தது வேரழுகல். காலையில் சிரித்த செடி மாலையில் பல்லிளித்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இருந்த இடத்தில் கறுத்த சேறு. மருந்தடித்தேன், மண் மணத்ததே தவிர மாற்றம் இல்லை. “இந்தத் தடவையும் அழுகினா, நிலத்தை விட்டுட்டு எங்க அண்ணன் கிடங்குல மூட்டை எண்ணப் போயிடலாம்” என்றாள் மனைவி. மூட்டை எண்ணப் பிறந்தவனா நான்? யாரது, பின்னாலிருந்து ‘ஆமாம்’ என்பது? இருக்கட்டும், மைத்துனர் குரல்தான்.

செடிநோய் அலுவலரிடம் ஓடினேன். அந்த அம்மையார் ஒரு பொட்டலம் கொடுத்தார். “இதுல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. விதையில பூசி, நிழல்ல உலர்த்தி விதைங்க.”

“கிருமியாலதாங்க அழுகுது. இன்னும் கிருமியா?”

“இது நல்ல கிருமி. முதல்லயே போய் வேரைச் சுத்தி உக்காந்துக்கும். அழுகவைக்கிற பூசணத்துக்கு இடமும் கிடைக்காது, தீனியும் கிடைக்காது. வெயிலும் கிருமிநாசினியும் மட்டும் இதுக்கு ஆகாது.”

புரிகிறதா பெரியோர்களே? முன்வரிசையில் கைக்குட்டை போட்டீர்களே, அதே வித்தைதான்.

கிருமியை வீட்டுக்குக் கொண்டுபோவது எளிது. ஆனால் எந்த வீட்டுக்கு? என் மாமியார் ஆளும் வீட்டுக்கு. மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். கிருமி என்று காதில் விழுந்தாலே வாளியைத் தூக்குபவர். எங்கள் வீட்டில் கதவுப்பிடி பளபளக்கும், சுவிட்ச் மணக்கும், பூனைகூடக் கால் கழுவிவிட்டுத்தான் படியேறும். அத்தை, முறைக்காதீர்கள், பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அவர் அறியாமல் விதையில் பூசினேன். ஒரு தட்டைக் கட்டிலுக்கு அடியிலும் ஒரு தட்டைச் சாமான் அறையிலும் ஒளித்துவிட்டு வயலுக்குப் போனேன். திரும்பி வந்தால் வாசலிலேயே அத்தை.

“சாமான் அறையில இருந்த விதையெல்லாம் ஒரே அழுக்கு, மாப்பிள்ளை. கிருமிநாசினி போட்டுத் தேய்ச்சுக் கழுவி மொட்டைமாடி வெயில்ல காயப்போட்டிருக்கேன்.”

“ஐயோ அத்தை, அது அழுக்கு இல்ல. கிருமி.”

“எத்தனை?”

“கோடிக்கணக்குல.”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “வேற எங்கயாவது வச்சிருக்கீங்களா?”

அவர் படுப்பதே அந்தக் கட்டிலில்தான். சொல்வேனா நான்?

அப்போது கையில் வேறு விதை இல்லை. கழுவியதை மேற்குப் பாத்தியில் விதைத்தேன். கட்டிலடியில் தப்பியதைக் கிழக்குப் பாத்தியில் விதைத்தேன். இரண்டும் முளைத்தன. பின்பு மேற்கு மெல்ல மஞ்சளித்தது, தள்ளாடியது, தரையில் சாய்ந்தது. கிழக்கோ நிமிர்ந்து நின்றது. பார்க்க வந்த அத்தை இரண்டிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கினார். ஒரு கையில் கறுத்த வேர், ஒரு கையில் வெளுத்த வேர்.

“நான் கழுவினதாலயா, மாப்பிள்ளை?”

அவரை ஒரு சொல்லால் வெல்ல எனக்கு வாழ்நாளில் வாய்த்த ஒரே வாய்ப்பு அது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அதைக் கைவிட்டேன். “நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க, அத்தை.”

“நல்லதையே கழுவிட்டேனே” என்றார். கறுத்த வேரைக் கீழே போட்டார். பிறகு கேட்டார்: “பொட்டலத்துல மிச்சம் இருக்கா?”

மறுநாள் புது விதை வாங்கிவந்து அவரே பூசினார். நிழலில் பரப்பினார். நிழல் நகர்ந்தது, குடையை விரித்துத் தட்டின்மேல் பிடித்தார். “அம்மா, நீ வெயில்ல நிக்கிறியே” என்றாள் என் மனைவி. “எனக்கு ஒண்ணும் ஆகாது. இதுங்க சின்ன உசுரு.”

அந்த விதையை மேற்குப் பாத்தியில் விதைத்த பின், பக்கத்து வயல்காரர் மருந்துத் தெளிப்பானோடு குறுக்கே நடக்க வந்தார். அத்தை வரப்பிலேயே கை நீட்டி மறித்தார். “இந்தப் பக்கம் வராதீங்க. உள்ளே ஆளுங்க இருக்காங்க.” அந்த மனிதர் மண்ணைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார்.

மேற்கும் எழுந்தது. கொடி கொம்பேறியது, காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. கிடங்குப் பேச்சும் அத்தோடு ஓய்ந்தது.

அன்பர்களே, கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பகையா? கண்ணுக்குத் தெரிவதெல்லாம் உறவா? கையைக் கழுவுங்கள், கலத்தைக் கழுவுங்கள், கசப்பைக் கழுவுங்கள். ஆனால் வேரை விழுங்க வந்தது எது, வேரைக் காக்க வந்தது எது என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாளியைத் தூக்குங்கள். வாழ்நாளெல்லாம் கிருமியை விரட்டிய ஒருவரே கேட்டார். கேட்டதால்தான் இன்று எங்கள் வயல் எங்களிடம் இருக்கிறது.

பொட்டலம் வழங்க அத்தை எழுந்துவிட்டார். நிழலில் வரிசையாய் நில்லுங்கள். வெயிலில் நிற்பவருக்குத் தரமாட்டார். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கைதட்டத் தெரியாமல் மண்ணுக்குள் நமக்காகக் காவலிருக்கும் கோடானுகோடிப் பேருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.