ஒன்றும் அசையவில்லை

என் வேலை என்னவென்று மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது எப்போதும் கஷ்டம்தான். என் மாமியார் பிலிஸ், நான் கணினி விற்கிறவன் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் "மருமகனுக்கு கொம்பியூட்டர் கடை" என்பார். நானும் திருத்தியதில்லை. நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், ஐயா. அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

நீர்மட்டம் அளக்கும் கருவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதற்குள் எண்களை வைக்கிற சின்னச் சின்ன அறைகள் உண்டு, ரெஜிஸ்டர் என்போம். கணினியிலிருந்து அந்தச் சிப்புக்கு மெல்லிய கம்பிகள் சில போகின்றன. இந்த அறையில் என்ன எண் என்று கணினி கம்பி வழியாகக் கேட்கும், சிப் பதில் சொல்லும். அந்தக் கேள்வியையும் பதிலையும் நடத்தி வைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அது கணினியின் அடிவயிற்றில், கேர்னலுக்குள் இருக்கும். உலகத்தின் பல மூலைகளிலும் இருக்கிறவர்கள் கூடி எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்டிருக்கிற கேர்னல் அது. அதில் இந்த வகைச் சிப்புக்குரிய டிரைவரைப் பராமரிக்கிறவன் நான். ஒருவர் அதில் ஒரு வரியை மாற்ற விரும்பினாலும் எனக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் ஓம் என்றால் அது மேலே போகும். மேலே இருக்கிறவர்கள் என் பெயரைக் கண்டால் அதிகம் கேள்வி கேட்பதில்லை. நான் கவனமானவன் என்று அவர்களுக்குத் தெரியும்.

சுனாமியில் கடல் வந்த அன்று நாங்கள் டச்பார்க் கடற்கரையில் இருந்தோம். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள். என் மனைவி சார்மெயின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கை நழுவிவிட்டது. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உயிர் தப்பிப் புளியந்தீவில் வாடகைக்கு வீடெடுத்த பிறகு, கண்டவரிடமெல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல்ல?"

அவளுக்காகத்தான் நான் அந்த வேலையில் சேர்ந்தேன். ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் ஒரு காவல் தூண் நட்டது. கீழே தண்ணீருக்குள் இரும்புக் குழாய்; அதற்குள் என் சிப். மேலே ஒரு சிறு கணினியும் சைரனும். நீர்மட்டம் சட்டென்று ஏறினாலும் சரி, சட்டென்று வற்றினாலும் சரி, சைரன் அடிக்கும். நிறுவனத்தின் அலுவலகத்தில் இரண்டே பேர்தான். நிரல் என் பொறுப்பு. தூணும் கம்பியும் காத்தான்குடி றிப்ஷான் பொறுப்பு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவன், என்னை விட இளையவன், கெட்டிக்காரன். நான் மேசையை விட்டு எழும்பாமல் செய்கிறதை அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு செய்வான்.

பிரச்சினை கம்பியில்தான் தொடங்கியது. உப்புக் காற்றில் கம்பி அரித்துப்போனால் சிப்பின் பதில் வந்து சேராது. பதில் வராதபோது கணினிக்குத் தெரிவது ஆகக் கூடிய எண். அப்படியென்றால் தண்ணீர் தென்னைமர உயரம். சைரன் அடித்தது.

அதை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள், ஐயா. சந்தையில் மீனை விட்டுவிட்டு ஓடினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடினார்கள். பாலத்தில் ஓர் ஆட்டோ கவிழ்ந்தது. சார்மெயினைத் தேடிப் பிடித்தபோது அவள் தண்டவாளத்தில், ரெயில் நிலையத்துக்கும் அப்பால் நடந்துகொண்டிருந்தாள். வலது கையை எதையோ பிடித்திருப்பதுபோல மூடி வைத்திருந்தாள். விரல்களை விரிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது.

நல்ல கம்பி கொழும்பிலிருந்து வர வேண்டும். அது யுத்த காலம். கம்பி, பற்றரி எல்லாம் சந்தேகப் பொருட்கள். அனுமதிக்கு எழுதி எழுதி றிப்ஷான் களைத்துப்போனான். அதற்குள் சைரன் இரண்டாம் முறையும் அடித்தது. அதுவும் பொய்தான். அந்த முறை அவள் வீட்டுக்கு வர மறுத்துக் கோயில் வாங்கிலில் இருந்துகொண்டாள்.

"மெல், இன்னொருக்காப் பொய்யா அடிச்சா நான் மெல்பேர்னுக்கு அக்காட்டப் போயிருவன்," என்றாள். "என்னால ஏலா."

எங்கள் பறங்கி ஆட்கள் பாதிப்பேர் ஏற்கெனவே அங்கேதான். அவளுக்குத் துணை தேவையில்லை, டிக்கெட் மட்டும் போதும். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. கடலுக்கு நான் இவ்வளவு பயந்ததில்லை. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் என் காது முகத்துவாரப் பக்கமே இருந்தது. எங்காவது லொறி ஹோர்ன் அடித்தால் எழும்பிவிடுவேன். அலுமாரிக்கு மேலே அவளுடைய சூட்கேஸ் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். பயந்தவனுடைய மூளை வேகமாக வேலை செய்யும், ஐயா. நான் சில வரிகள் எழுதினேன்.

புதிதாக வந்த எண் முந்திய எண்ணிலிருந்து அதிகம் வேறுபட்டால், அது கம்பியின் கோளாறு. அதைத் தள்ளிவிட்டு முந்திய எண்ணையே சொல். அவ்வளவுதான். மிகவும் நியாயமான வரிகள். மழை பெய்து வாவி மெல்ல மெல்ல ஏறினால் எண் கூடவே ஏறும். வெயிலில் வற்றினால் இறங்கும். பரிசோதிக்கிற எவருக்கும் குறை தெரியாது. பெரிய மாற்றம் ஒன்றை மட்டும் அது சொல்லாது. அந்தத் தூணை நட்டதே பெரிய மாற்றத்தைச் சொல்வதற்குத்தான் என்பது எனக்குத் தெரியும். தெரியாதென்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு சைரன் அடிக்கவில்லை. ஊர் நிம்மதியாக இருந்தது. சார்மெயின் மறுபடியும் சமைக்கத் தொடங்கினாள்.

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. கம்பியும் வந்து சேர்ந்தது. றிப்ஷான் பழைய கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதைப் போட்டான். இனி என் வரிகளுக்கு வேலையில்லை. அன்றே அவற்றை எடுத்திருக்கலாம். எடுக்கக் கையை வைத்தால் காது பழையபடி முகத்துவாரப் பக்கம் போனது. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

அந்த வருடம் மாரி பலமாக இறங்கியது. ஒரு நாள் காலை றிப்ஷான் நனைந்தபடி அலுவலகத்துக்கு வந்தான். கையில் ஒரு வாளித் தண்ணீரும் மேலதிகமாக வைத்திருந்த நீர்மட்ட மானியும். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"மெல்றோய் அண்ணன், இதக் கொஞ்சம் பாருங்க," என்று மானியை வாளித் தண்ணீருக்குள் விட்டு, கம்பியை என் கணினியில் கொழுவினான். திரையில் எண் வந்தது. பிறகு மானியை வெளியே தூக்கிப் பிடித்தான். தண்ணீர் அதிலிருந்து என் மேசையில் சொட்டியது. எண் அப்படியே இருந்தது. "வெளிய எடுத்திட்டன். இது இன்னும் தண்ணிக்குள்ளதான் இரிக்கன் எண்டு சொல்லுது."

"கம்பியாக இருக்கும்," என்றேன்.

"கம்பி நான் போட்டது, அண்ணன். புதுக் கம்பி." அவன் குரலை உயர்த்தவில்லை. "உங்கட வரிகளப் பாத்தன். சுனாமி வந்தாலும் இது அடிக்காது."

சார்மெயின் பட்ட பாடெல்லாம் அவனுக்கும் தெரியும். அன்று தண்டவாளத்தில் அவளைத் தேடியபோது என்னோடு வந்தவன் அவன்தான்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல," என்றான். "இண்டைக்குப் பழைய டிரைவரத் தூணில ஏத்திப்போட்டு, பின்னேரம் ஒருக்கா சைரன அடிச்சுப் பாப்பம். கோயில்லயும் பள்ளிவாசல்லயும் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லிட்டன். சார்மெயின் அக்காக்கு நானே வந்து பக்குவமாச் சொல்லுறன். மறுகா நீங்களே அந்த வெளிநாட்டு ஆக்களுக்கு எழுதி அந்த வரிகள எடுத்திடுங்க. பிழைதானே, எல்லாருக்கும் வாறதுதான்."

இதைவிட மரியாதையாக ஒருவனால் நடந்திருக்க முடியாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்தப் பழைய பயம் எனக்குத் திரும்பிவிட்டது. பின்னேரம் சைரன் அடிக்கும். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். இவ்வளவு நாளும் அது ஏன் அடிக்கவில்லை என்று கேட்பாள். என்னால் அந்தக் கேள்விக்கு அப்பால் யோசிக்க முடியவில்லை.

வாவி நிறைந்து வயல்கள் மூழ்கத் தொடங்கியிருந்தன. வெள்ளத்தைக் கடலுக்கு விட அன்றைக்கே ஆத்துவாயை, அதாவது முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை, வெட்டுவதென்று தீர்மானித்திருந்தார்கள். வெட்டுகிற நேரம் மட்டும் நிச்சயமில்லை. வெட்டி முடிந்ததும் அங்கே வேலையை மேற்பார்த்த நல்லரத்தினம் எனக்குத் தொலைபேசியில் சொல்வதாக ஏற்பாடு.

நண்பகல் போல நல்லரத்தினம் தொலைபேசி எடுத்தார். பின்னால் மண் வெட்டும் பெக்கோ இரைந்துகொண்டிருந்தது.

"தம்பி, ஆத்துவாய் வெட்டியாச்சு. தண்ணி பிச்சுக்கொண்டு போகுது. உங்கட ஆக்கள் ஆரும் தூணடியில நிண்டா உடன மேல ஏறச் சொல்லுங்க. மண்ணோட இழுத்திரும்."

"சரி, ஐயா," என்றேன்.

நான் றிப்ஷானுக்கு எடுக்கத்தான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். எண்ணை அழுத்துவதற்குள் அவனே எனக்கு எடுத்துவிட்டான்.

"அண்ணன், தூணடிக்கு வந்திட்டன். இஞ்ச மழைப் புகார் மூடி அங்கால ஒண்டும் தெரியுதில்ல. வெட்டிட்டாங்களா? நல்லரத்தினம் அண்ணன் உங்களுக்கு எடுத்தாரா?"

எதிரே தூணின் நீர்மட்டம் காட்டும் திரை இருந்தது. வெட்டுவதற்கு முன்பிருந்த எண்ணையே அது காட்டிக்கொண்டிருந்தது. என் வரிகள் ஒழுங்காக வேலை செய்தன.

"இஞ்ச ஒண்டும் அசையல்ல, தம்பி," என்றேன்.

"அப்ப சரி. குழாய்க்குள்ள மானிய ஒருக்காப் பாக்கணும், இறங்கிறன். கெதியா ஏறிடுவன்."

அவன் அந்த எண்ணை நம்பவில்லை, ஐயா. அது பொய் சொல்லும் என்று காலையில் எனக்கே காட்டியவன் அவன். அவன் என்னை நம்பினான். நான் தொலைபேசியை மேசையில் வைத்தேன். சைரன் வேலை செய்திருந்தால் அந்த நேரத்தில் அவன் தலைக்கு மேலே அடித்திருக்கும். நான் யன்னலடியில் நின்று கேட்டுப் பார்த்தேன். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் கடல் அவனைக் காத்தான்குடிக் கரையிலேயே கொண்டுவந்து சேர்த்தது. நானும் போனேன். அவனுடைய வாப்பா மீராசாஹிப் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"உங்களோடதான் கடைசியாக் கதைச்சிரிக்கான், மகன். என்ன சொன்னான்?"

"கெதியா ஏறிடுவன் எண்டான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தச் சொல் அவருக்கு ஆறுதலாக இருந்தது என்றே நினைக்கிறேன். தண்ணீர் குடிக்கக் கொண்டுவரச் சொன்னார், எனக்காக.

வீட்டுக்கு வந்தபோது சார்மெயின் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் சூட்கேஸ் திறந்திருந்தது.

"ஆத்துவாய் வெட்டி அவ்வளவு தண்ணி போயிருக்கு. றிப்ஷான் செத்திருக்கான்," என்றாள். "சைரன் ஏன் அடிக்கல்ல, மெல்?"

"நீதானே சொன்னாய், இன்னொருக்கா அடிச்சாப் போயிருவன் எண்டு."

"பொய்யா அடிச்சா எண்டு சொன்னன்." அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அடிச்சா ஓடலாம். அடிக்காத சைரனுக்குக் கீழ நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

என்ன செய்தாய் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. அந்தக் கிழமையே போய்விட்டாள். 'பொய்யா' என்ற அந்தச் சொல்லை நான் இவ்வளவு காலமும் எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. அவள் சொல்வதை நான் எப்போதும் கவனமாகக் கேட்கிறவன்.

பொலிசில் நீங்கள் என் தொலைபேசிப் பதிவை எடுத்துவிட்டீர்கள். இரண்டு அழைப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் இருக்கும். நல்லரத்தினம் சொன்னது உண்மை. வெட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டுதான் நான் றிப்ஷானை இறங்க விட்டேன். அதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அந்த வரிகளை நான் முகத்துவாரத் தூணுக்கு மட்டும் எழுதவில்லை. எனக்கென்று தனியாக வைத்திருந்தால் களவுபோல இருக்கும் என்று பொதுக் கேர்னலுக்கும் அனுப்பினேன். என் பெயரைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சிப் எங்கெங்கே தண்ணீருக்குள் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அணைக்கட்டுகளில் இருக்கலாம், சுரங்கங்களில் இருக்கலாம். சில மாதங்களாக முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. எண் சில வேளைகளில் உறைந்து நிற்கிறது, டிரைவரில் பிழை இருக்குமா என்று பணிவாகக் கேட்கிறார்கள்.

இன்று காலையும் ஒன்று வந்திருந்தது. ஏதோ ஓர் ஊரில் ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு வெள்ள அறிவிப்புச் செய்கிறவராம். டிரைவரில் பிழை ஒன்றுமில்லை, கம்பியைச் சரிபாருங்கள் என்று எழுதிவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவர்களை வீணாகப் பயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.