இடுப்புக்குள் ஒரு துடிப்பு

கறை பட்ட துணியை வெந்நீரில் போடக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. சூடு பட்டால் கறை நூலுக்குள் இறங்கிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், பிறகுதான் சோப்பு. என் தம்பி மனைவியின் துணிகளை ஏழு வருடம் நான் இப்படித்தான் துவைத்தேன். நீங்கள் மூக்கைச் சுளிக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. பரவாயில்லை. கேட்பதற்கே எல்லோரும் சுளிப்பார்கள். துவைக்க ஆள் வர மாட்டார்கள்.

என் பெயர் சுமலதா. பிசியோதெரபி படித்தவள். சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன சிகிச்சை நிலையத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி விஜயராகவன் மின்துறையில் இருக்கிறான். நல்லவன் என்று ஊர் சொல்லும். எதையும் செய்யத் தெரியாத ஆண்களை ஊர் அப்படித்தான் சொல்கிறது.

அவன் மனைவி அன்புசெல்வி. இரண்டாயிரத்தில் பூர்ணிமா பிறந்தாள். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். உள்ளே தசை கிழிந்து நரம்பும் அடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவளால் மலத்தை அடக்க முடியவில்லை. தையல் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. உலகத்தில் கோடிப் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். இவளுக்கு அதுகூட ஒழுங்காக வரவில்லை.

பின்கட்டு அறையில் ரப்பர் ஷீட் விரித்துப் படுத்துக் கிடந்தாள். குழந்தையைத் தூக்கவே பயப்பட்டாள், தூக்கும்போது போய்விடும் என்று. ஆகவே நான் தூக்கினேன். புட்டிப்பால் கொடுத்தேன், பள்ளியில் சேர்த்தேன், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூர்ணிமா என்னை அம்மா என்று கூப்பிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்கட்டிலிருந்து அதைக் கேட்டு அன்புசெல்வி அழுவாள். அழுவதற்கு மட்டும் அவளிடம் பலம் குறையவே இல்லை.

பூர்ணிமாவுக்கு ஏழு வயதானபோது அன்புசெல்வியின் சித்தப்பா ராஜாங்கம் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. வருடத்தில் பாதி நாள் பிரெஞ்சு நாட்டில், துலூஸ் நகரத்தில் இருப்பார். அங்கே இதற்கு ஒரு கருவி வைக்கிறார்கள் என்றார். விசாரித்ததில் சென்னையிலேயே செய்யும் டாக்டர் கிடைத்தார். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைப்பது போலத்தான். பிட்டத்தின் மேல்பக்கம் தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு கம்பி முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக்குப் போகும். பெட்டி விடாமல் துடிப்பு அனுப்பும். நரம்பு தன் வேலையை நினைவுபடுத்திக்கொள்ளும். வெளியிலிருந்து கூட்ட, குறைக்க, நிறுத்த ஒரு ரிமோட்.

வைத்தார்கள், பலித்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் மாதம் அவள் கடற்கரைக்குப் போய்வந்தாள். ஏதோ நிலாவுக்குப் போய்வந்தவள் மாதிரி எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ரிமோட்டை மட்டும் தொட மாட்டாள். "நீங்களே வெச்சிக்கங்க அண்ணி, எனக்கு இதெல்லாம் புரியல" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ஒரு நாள் பூர்ணிமாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அன்புசெல்வி வந்து சீப்பை வாங்கிக்கொண்டாள். மெதுவாகத்தான் வாங்கினாள். "இனிமே அத்தைன்னு கூப்புடு கண்ணு. அம்மா நான்தானே" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டீங்க அண்ணி. இனிமே ரெஸ்ட் எடுங்க."

வேலைக்காரிக்குக்கூட ஒரு மாத அவகாசம் கொடுப்பார்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் ரிமோட்டால் துடிப்பை நிறுத்தினேன். நிறுத்தியதும் ஒன்றும் ஆகாது. நரம்பு பழகியதை மறக்கச் சில நாள் எடுக்கும்.

"துடிப்பே தெரியல அண்ணி" என்று ஒருமுறை கேட்டாள்.

"பழகிப்போச்சு, அதான் தெரியல" என்றேன்.

நம்பினாள். யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் அவளுக்கு.

விழாவில் பூர்ணிமா நடனமாடிப் பரிசு வாங்கினாள். பெற்றோரையும் மேடைக்கு அழைத்தார்கள். சந்தன நிறப் புடவையில் அன்புசெல்வி படியேறினாள். நடு மேடையில் நின்றுவிட்டாள். முன்வரிசைக்கு முதலில் நாற்றம் வந்தது, பிறகு புடவையில் தெரிந்தது. பெரிய மனிதர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தை தன் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். தன் உடம்பையே பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவள் ஒரு பிள்ளையை எப்படிப் பிடித்து வைப்பாள்.

பூர்ணிமா முகத்தைச் சுளிக்கவில்லை. தன் நடன உடையின் மேல்துணியை அவிழ்த்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். கீழே நின்ற என்னிடம், "அத்தை, அந்தப் பைய எடுத்துகினு வா" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் துடிப்பைத் திரும்ப ஓடவிட்டேன். சென்னை டாக்டர் சோதித்துவிட்டுக் கருவியில் குறையில்லை, மனப் பதற்றமாக இருக்கும் என்றார். படித்தவர்கள் பதற்றம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் தேட மாட்டார்கள். தம்பியும் நம்பினான். ஆனால் பூர்ணிமா அன்று முதல் அன்புசெல்வியின் பக்கத்தில்தான் படுத்தாள்.

பிறகு அன்புசெல்விக்கு இடுப்பு வலி வந்தது. அது தானாக வந்த வலி. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை, நிலையம் மூடியிருக்கும்போது, என்னிடமிருந்த சாவியால் திறந்து அவளை அழைத்துப்போனேன். பூர்ணிமாவும் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே மின்னலையால் ஆழத்துக்குச் சூடு கொடுக்கும் இயந்திரம் இருக்கிறது. இப்படிக் கருவி வைத்தவர்களுக்கு அதை எப்போதும் கொடுக்கக் கூடாது. கம்பி சூடாகி நரம்பையே பொசுக்கிவிடும். டாக்டர் அதை எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார். அவள் தலையாட்டினாள். நான் கேட்டுக்கொண்டேன்.

குப்புறப் படுத்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "சூடு வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே அண்ணி?"

"அது வேற மிஷின்."

"நீங்க சொன்னா சரி."

கொஞ்ச நேரம் கழித்து, "சுடுது அண்ணி" என்றாள். சுடத்தான் செய்யும் என்றேன். பிறகு "உள்ள சுடுது, நிறுத்துங்க" என்றாள். குரலை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள், வெளியே குழந்தை இருக்கிறதே என்று. அன்றுதான் அவள் ஒன்றை ஒழுங்காக அடக்கிப் பார்த்தேன்.

உடனே நிறுத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கருவியை எடுத்துவிட்டார்கள். நரம்பு போய்விட்டது, இனி எந்தக் கருவியும் உதவாது என்றார்கள். வலது கால் இழுத்துக்கொண்டுவிட்டது. தவறுதலாக நடந்ததா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்கு ஒரு வழி விடுகிறீர்கள், புரிகிறது. பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. தவறுகளை நான் மற்றவர்களுக்கு விட்டுவிடுவேன். தெரிந்துதான் வைத்தேன். ஒரு வீட்டில் இரண்டு அம்மா இருக்க முடியாது. அதில் யார் பின்கட்டுக்குப் போவது என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். அதை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டதையெல்லாம் டாக்டரிடம் சொன்னது பூர்ணிமாதான் என்கிறீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்று வெளியே தாத்தா ராஜாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்கிறீர்கள். எட்டு வயதுக் குழந்தை. யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இத்தனை போலீஸ்காரர்களைப் பார்த்தால் பயப்படத்தானே செய்வாள்.

அவளை உள்ளே அழைத்துவந்து, உன் அம்மா யார் என்று ஒரு தடவை கேளுங்கள். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.