மூன்றாம் பக்கத்துப் படம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அதற்கு முன்பே தெருவில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் கை திருந்திவிட்டது. நீங்கள் மேசையில் வரிசையாக வைத்திருக்கும் பதினோரு படிவங்களும் நான் எழுதியவைதான், மேடம். இல்லை என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்.

மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். பெண்ணுடம்பின் படம், முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. காயம் பட்ட இடத்தைச் சிவப்புப் பேனாவால் குறிக்க வேண்டும். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விடுதியில் கட்டில். படம் வெள்ளையாக இருந்தால் ஒரு துண்டுப்பிரசுரம், அதோடு "மறுபடி ஏதாவது நடந்தா வாம்மா." புருஷனிடமிருந்து தப்பி வருகிறவளுக்கு அடைக்கலம் கொடுக்கத்தான் எங்கள் மையம். ஆனால் அவன் தடம் தெரியாமல் வதைக்கிற கெட்டிக்காரனாக இருந்துவிட்டால் அவளுக்கு இடமில்லை.

விதியை மாற்றச் சொல்லி ஐந்து கடிதம் எழுதினேன். நிர்வாகி அம்மா கெட்டவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மனசுல பட்ட அடிக்கு எந்த டாக்டரும்மா கையெழுத்துப் போடுவாரு? இருக்கறதே பன்னெண்டு கட்டில்." ஐந்துக்கும் அதே பதில். நான் படித்த படிப்பெல்லாம் அந்த வெள்ளைப் படத்தை மடித்துக் கோப்பில் வைக்கத்தானா என்று தோன்றும்.

முதல் காயத்தை நானாகப் போடவில்லை. அந்த முதல் பெண் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். படத்தை வெறித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கோடு இருந்தா உள்ள விட்டுருவாங்களா? அப்ப நீயே ஒண்ணு போடும்மா, புண்ணியமாப் போகும்" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு இரும்பு ஸ்கேலை எடுத்தேன். அவள் மேல்கையில் ஒரே ஒரு அடி. இரண்டு நாளில் கட்டில் கிடைத்தது. இப்போது தனி அறையில் இருக்கிறாள், மகள் படிக்கிறாள். என் குற்றத்தை எழுதும்போது அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேரிடம் கேட்டுத்தான் செய்தேன். இரண்டு பேரிடம் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பார்கள். யோசித்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பத்துப் படத்திலும் கோடு மேல்கையில் ஒரே இடத்தில் இருப்பதை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள். இடத்தை மாற்றியிருக்கலாம். மறைக்கிற காரியம் என்று நான் நினைக்கவில்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. கண் வீங்கி வருகிறவள்கூட, "நானேதான் கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்பாள். அடித்தவன் பக்கத்திலேயே நிற்பான். அந்தப் பொய்யை நான் ஒரு நாளும் படிவத்தில் எழுதியதில்லை. பயத்தில் சொல்வது எனக்குத் தெரியாதா.

பதினோராவது தையல்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்றேன். "சரி தங்கச்சி" என்றாள், அதிலிருந்து தங்கச்சிதான். அவள் பேச்சு பிடிக்காத நாளில் புருஷன் அவளைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவான். சாயங்காலம் திறப்பான். அதட்டிக்கூடப் பேசமாட்டான். மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் வெள்ளைப் படம். ஸ்கேலைப் பற்றி நான் சொன்னபோது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "கை மட்டும் வேண்டாம் தங்கச்சி. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

நான்காம் முறை சிரித்த முகமாக வந்தாள். ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை, தங்க இடமும் தருவார்களாம். திங்கட்கிழமை போய் ஒரு சட்டை தைத்துக் காட்ட வேண்டும். "மூணு நாள்தானே, வீட்லயே சமாளிச்சுக்கறேன். இனிமே உன் கட்டில் எனக்கு வேண்டாம். வேற யாருக்காவது குடு."

மூன்று நாள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனை பேர் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் தெரியுமா. ஒருத்தியை மூன்றாம் நாள் பிணமாகத்தான் பார்த்தோம். எவ்வளவோ பேசிப் பார்த்தேன். "உனக்கு எதுக்கு இவ்வளவு கோபம் வருது?" என்று கேட்டாள். எனக்குக் கோபமே இல்லை. அவளுடைய பழைய மனுக்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி இரும்பு அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்துவிட்டேன். குனிந்து வலது கையை உள்ளே விட்டாள். நான் காலால் உதைத்து மூடினேன். இரண்டு தடவை. முதல் தடவையில் உடைந்ததா என்று உறுதியாகத் தெரியவில்லை.

எலும்பு முறிவுக்கு யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அன்றே கட்டில் கிடைத்தது. திங்கட்கிழமை அவள் உயிரோடு இருந்தாள், மாவுக்கட்டோடு. வேலை போய்விட்டது, மூன்று விரல் இனி மடங்காது என்கிறீர்கள். தெரியும். ஆறாம் வாரம் புருஷன் வந்து, "இந்தக் கையோட எங்க போவ, வா" என்றான். எழுந்து அவன் பின்னால் போய்விட்டாள். அதற்கும் நானா பொறுப்பு? இவ்வளவு செய்தும் திரும்பிப் போகிறார்களே என்று எனக்கு வெறுத்தேபோனது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தப் பதினோராவதை நானே வாய் திறந்து சொல்லியிருக்காவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யார் செய்தது என்று டாக்டர் கேட்டபோது நான் பக்கத்திலேயே நின்றேன். "நானேதான் கதவுல நசுக்கிக்கிட்டேன்" என்றாள். இதை நிறையக் கேட்டுப் பழகிய டாக்டர், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காயப்படுத்தியவர் என்ற இடத்தில் நான் கணவர் என்று எழுதினேன்.

பயத்தில் சொல்லியிருப்பாள் என்கிறீர்கள். என்னிடம் அவளுக்கு என்ன பயம்? பாசம், மேடம். சொல்லி முடித்ததும் என் முகத்தைத்தான் பார்த்தாள். "சரியாச் சொன்னேனா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். வலியில் தங்கச்சி என்று வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.