எண்ணக் கூடாத தலைகள்

“பையைத் தூக்கிப் போடு புள்ள. படிச்சு யாருக்கு லெட்டர் எழுதப் போற?”

மாமா ஓடிக்கொண்டே கத்தினார். நான் பிறக்குமுன்பே எங்கள் குடும்பம் கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வடக்கே வன்னிக்கு வந்திருந்தது. இப்போது அங்கேயும் போர். யாருக்கும் எழுத்துத் தெரியாது. முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பையை நான் போடவில்லை.

தூரத்தில் ‘டும்’ என்று கேட்கிறது. ராணுவம் ஷெல் அடித்துவிட்டது. பிறகு விசில். விசில் நின்றால் விழப்போகிறது. “படு! படு!” முதுகில் மண் கொட்டுகிறது. புகை அடங்கியதும் அம்மா விரலை நீட்டி எங்கள் தலைகளை எண்ணுகிறாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். ஒவ்வொரு ஷெல்லுக்குப் பிறகும் எண்ணினாள். பாதுகாப்பு வலயம் என்று சொல்லி எங்களை அனுப்பிய கடற்கரையில், ஒரு காலை, மூன்று தலை குறைந்தது.

இப்போது நியூ ஜெர்சி. மான்மவுத் ஜங்ஷனில் வாடகை அறை. மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. கூட வேலை செய்யும் மிரியம் ஆன்ட்டி யூதர். சனிக்கிழமைதோறும் அவர்களுடைய ஜெப ஆலயத்தில் தங்கள் வேதமான தோராவின் ஒரு பகுதியை வாசிப்பார்கள். அந்த வாரச் செய்திகளோடு வைத்துப் பேசுவார்கள். என்னையும் அழைத்துப் போனார். இந்த நாட்டில் எனக்கென்று இருப்பவர் அவர் ஒருவர்தான்.

வாசலில் போலீஸ் கார் நிற்கிறது. யாராவது தாக்க வந்துவிடுவார்களோ என்று கதவை உள்ளே பூட்டுகிறார்கள். நான் பின்கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். கடல் பிளந்து தப்பி ஓடிய யூதர்களுக்கு வழிவிட்ட பகுதியை ஒரு வாரம் வாசித்தார்கள். எங்கள் கடல் பிளக்கவில்லை.

சில வாரம் கழிந்தது. வாசிப்பின் நடுவில் மிரியம் ஆன்ட்டியின் போன் அலறியது. அபாயச் சங்கு. யூதர்களின் நாட்டில் அவர் மகள் இருக்கும் ஊரை நோக்கி ஏவுகணை. நான் மேசைக்கடியில் கிடந்தேன். எப்படிப் போனேன், தெரியாது. எழுந்ததும் விரல் தானாக நீண்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

மிரியம் ஆன்ட்டி என் விரலைப் பிடித்து மடக்கினார்.

“எண்ணாதம்மா. நாங்க ஆளை எண்ண மாட்டோம்.”

அன்றைய பகுதியே அதுதான். அதில் ஆளுக்கு அரைக்காசு வாங்கிக் காசைத்தான் எண்ணுகிறார்கள். ஆளை எண்ணினால் கொள்ளைநோய் வருமாம். மகளிடமிருந்து செய்தி வந்தது. பங்கருக்குள் இருக்கிறாள். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அதே போனில் அடுத்த படம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கூடாரங்கள் எரிகின்றன. எத்தனை பேர் செத்தார்கள் என்று பேச்சு எழுந்தது. அந்த எண்ணிக்கையே பொய் என்றார் ஒருவர்.

எங்களைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள். யாரும் எண்ணவில்லை. அதனால் யாரும் சாகவில்லை என்று ஆகிவிட்டது. உயிரோடிருப்பவர்களை எண்ண வேண்டாம், சரி. செத்தவர்களை எண்ணியே ஆக வேண்டும். அடுத்த சனிக்கிழமை இதைப் பேசப்போகிறேன் என்றேன். மிரியம் ஆன்ட்டி வேண்டாம் என்றார். மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், நீ ஆளை எண்ணினால் அவளுக்கு ஏதாவது வந்துவிடும் என்றார். பேசினால் என் முகத்தில் விழிக்க மாட்டாராம். நான் வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

நேற்று சனிக்கிழமை. வாசலில் இரண்டு போலீஸ் கார்கள். நான் எழுந்து நின்றேன். விரலை நீட்டினேன்.

அப்பா, ஒன்று. மாமா, இரண்டு. தம்பி, நாலு வயது, மூன்று.

மிரியம் ஆன்ட்டி எழுந்து வெளியே போனார். கதவு மறுபடி பூட்டப்படும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அந்தக் கடற்கரையில் எங்களுக்குப் பக்கத்துப் பங்கரில் இருந்தவர்களை எண்ணத் தொடங்கினேன்.