நாலு பத்துக்கு எழும்பும் பிள்ளை

மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள் சார். பேசுவேன், வாசிப்பேன். எழுதினால் பாதி எழுத்து தப்பிப்போகும். பத்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான். ஸ்டேஷன் ரைட்டர் சார் தனக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று சொன்னார், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். இதில் தப்பு வரக்கூடாது இல்லையா.

முதலில் ஒன்று. காலை நாலு பத்துக்கு எழும்புவது பெரிய காரியமே இல்லை. எங்கள் பக்கத்தில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் அதற்கு முன்பே எழும்பி கட்டன்சாயா குடித்துவிடுவார்கள். ஒன்பது மணிக்குப் படுத்து நாலு பத்துக்கு எழும்பினால் யாருக்கும் ஒரு கேடும் வராது. இடையில் மூன்று தடவை எழுப்பிவிட்டு, நாலு பத்துக்கும் எழுப்பி, இனி விடியும்வரை இந்த வீட்டில் ஒருத்தரும் கண்ணை மூடக்கூடாது என்று ஓர் ஐந்து மாதக் குழந்தை தீர்மானித்துவிட்டால்தான் கஷ்டம். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. தினமும்.

என் பெயர் ஜெயன், வயது முப்பத்தாறு. வீடு கொல்லயில் பஞ்சாயத்தில், வாய்க்கால் கரையில். ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். ஆறே முக்காலுக்கு வண்டியை எடுப்பேன். உதியன்குளங்கரை, அமரவிளை என்று பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பெல் அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நெய்யாற்றின்கரையில் பள்ளி வாசலில் நிற்பேன். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. ஹர்த்தால் நாட்களைச் சேர்க்க வேண்டாம்.

எனக்கும் லேகாவுக்கும் கல்யாணம் ஆகி ஐந்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. திருப்புறத்தில் அவள் வீட்டில் வைத்துப் பிரசவம் பார்த்து, தொண்ணூறு நாள் கழிந்து கூட்டிக்கொண்டு வந்தோம். ஆதித்யன் என்று பெயர், வீட்டில் உண்ணி. இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டும்போது அந்தப் பெயரை அவன் காதில் மூன்று தடவை சொன்னவன் நான்தான். எனக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று நேற்று ஸ்டேஷன் வாசலில் யாரோ சொன்னார்கள். அது சரியில்லை.

நாலு பத்துக்கு ஏன் எழும்புகிறான் என்று நான் தலையை உடைத்துக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டேன். கரகரவென்று சத்தம் போட்ட ஃபேனை மாற்றினேன். கோயில் மைக்தான் காரணமோ என்று கமிட்டிக்காரர்களிடம் போய்க் கெஞ்சினேன், அவர்களும் குறைத்து வைத்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தால் மைக் தொடங்குவதே ஐந்து மணிக்கு. உண்ணியை யாரும் எழுப்பிவிட வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் அமரவிளை தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, நந்தனா என்கிற இரண்டாம் வகுப்புப் பிள்ளை பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "மாமா, சிபினுக்க வீடு களிஞ்சு போச்சு" என்றாள். வழியில் ஏற்ற வேண்டிய சிபினின் வீட்டைத் தாண்டி வந்தது எனக்கு ஞாபகமே இல்லை. இடையில் ஒரு வளைவு உண்டு, ஒரு பாலம் உண்டு. அதெல்லாம் எப்படிக் கடந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பதினைந்து நாள் கழித்து, வாய்க்கால் பக்கம் இடது டயர் தாரை விட்டு இறங்கிவிட்டது. வண்டி குலுங்கியதும் பிள்ளைகள் சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி டயரைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்துவிட்டேன்.

இதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் பதினான்கு பிள்ளைகள், சார். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசியுங்கள்.

சிபினின் அம்மா ரினி வெளிநாட்டில் நர்ஸ், லீவில் வந்திருந்தாள். என் கண்ணைப் பார்த்துவிட்டு அவளாகவே விசாரித்தாள். சொன்னேன். "மூணு நாளு கரைய விடணும் அண்ணா. எவ்வளவு அளுதாலும் எடுக்கப்பிடாது, பாலு குடுக்கப்பிடாது. நாலாம் நாளு அவனே ஒறங்குவான். அங்க எல்லாரும் இப்பிடியாக்கும் பிள்ளைகளைப் பழக்குது" என்றாள். ஆறு மாதம் கழியட்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். அப்போது நான் கியர் போட்டுவிட்டேன்.

லேகா ஒத்துக்கொண்டாள். அவளும் தூங்கி மாதக்கணக்காகிறது. முதல் நாள் நாலு பத்துக்கு உண்ணி தொட்டிலில் அழத் தொடங்கியதும் இரண்டு பேரும் அசையாமல் படுத்திருந்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து போய் எடுத்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவளே அழுதாள்.

"கேட்டியளா, என்னால களியாது. அவன் கரையும்போ எனக்கு நெஞ்சில பாலு தானா வடியுது. நான் எப்பிடிக் கெடக்கும்? ஒரு மாசம் பொறுங்க, சரியாவும்."

நான் கோபப்படவில்லை. லேகாவிடம் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியவன் இல்லை, அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். அவள் சொன்னதை இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். பிள்ளையைப் பழக்குவதில் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் தாயிடம்தான். அவள் மட்டும் எழும்பாமல் இருந்தால் மூன்றே நாளில் காரியம் முடியும். இது எனக்கு அப்போதும் நியாயமாகப் பட்டது, எழுதும்போதும் நியாயமாகத்தான் படுகிறது.

பிரசவம் கழிந்த பெண்களுக்கு எங்கள் பக்கத்தில் உடம்பு தேறத் தசமூலாரிஷ்டம் கொடுப்பார்கள், உங்களுக்குத் தெரியும். லேகாவின் அம்மா குமாரி அத்தை, பிள்ளையோடு சேர்த்து அதிலும் நாலு குப்பி கொடுத்துவிட்டிருந்தார். அவர்கள் குடும்பத்தில் அதற்கொரு முறை உண்டு. குடிக்கிறவள் தன் கையால் அளக்கக்கூடாது, கூட இருக்கிறவர் அளந்து கொடுக்க வேண்டும். குப்பி தீரும்வரை ஒரு நாளும் முடங்கக்கூடாது. லேகா பிள்ளையோடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அளந்து கொடுக்கிறவன் நான்தான். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொள்வாள். கசப்பும் துவர்ப்புமாக ஒரு மருந்து. அதில் எது கலந்தாலும் தெரியாது.

அப்பா சோமன் போன ஓணத்துக்கு முன்பு இறந்தார். கடைசி வருடம் அவருக்குத் தூக்கம் கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அலமாரியில் மீதி இருந்தது. எதையும் வீணாக்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஒரு சனிக்கிழமை தொடங்கினேன். ஞாயிறு காலை நாலு பத்துக்கு உண்ணி அழுதான். நான் அவனைத் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே அழுதான், கையை நீட்டினான். ஐம்பத்திரண்டு நிமிடம். இரண்டு தடவை ஸ்டூலைவிட்டு எழுந்தேன், மறைக்கவில்லை. ஆனாலும் தொடவில்லை. கட்டிலில் லேகா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் முப்பத்தைந்து நிமிடம். மூன்றாம் நாள் ஒன்பது. நாலாம் நாள் அழவே இல்லை. ரினி சொன்னது அப்படியே பலித்தது. வண்டியில் ட்ரிப் எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் இந்த நேரமெல்லாம் எழுதியிருக்கிறேன், எடுத்துப் பாருங்கள்.

ஐந்தாம் நாள் லேகா விடியுமுன்னே புரண்டு படுத்தாள். அதனால் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினேன். இடையில் உண்ணி பசித்து முனகினால் நானே தூக்கி அவள் மார்பில் சேர்த்துவைத்து, குடித்ததும் எடுத்துக் கிடத்திவிடுவேன். அவள் கண்ணே திறக்க மாட்டாள். ஒரு தகப்பன் இவ்வளவு செய்வது அபூர்வம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

லேகாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பெத்த பிள்ளை கரையது கேக்காம ஒறங்கியிருக்கேன். நான் என்ன தள்ளையாக்கும்?" என்று கேட்டாள். உண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள், அவனுக்கு என்ன புரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். "நீ தளர்ந்து போயிருக்க, அதாக்கும். நான் இருக்கேன் இல்லா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமாரி அத்தை வந்தார். பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒரு வாட்டம் உண்டு மக்கா. சிரிக்கமாட்டேங்கான். ஒண்ணு ஆசுபத்திரில கொண்டு காட்டுங்க."

"அவனுக்கு இப்ப நல்ல ஒறக்கமாக்கும் அத்தே. பழகிட்டு வாறான்" என்றேன்.

போகும்போது அரிஷ்டக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தீர இன்னும் பத்து நாள் வரும், முடக்கிவிடாதே என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை ராத்திரி நான் அளந்து நீட்டியபோது லேகா வேண்டாம் என்றாள். "இன்னிக்கு இது வேண்டாம். குடிச்சா தலை எழும்பல்ல. உண்ணியும் பகலெல்லாம் ஒறங்குகான். எனக்குப் பயமா இருக்கு, நாளைக்கு டாக்டர்ட்ட போவோமா?"

"போவலாம். இதைக் குடி. அம்மை சொன்னது மறந்துபோச்சா? குப்பி தீரணும் இல்லா" என்றேன்.

மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என்னய எவ்வளவு நல்லா பாத்துக்கிடுதிய" என்றாள். கருப்பட்டித் துண்டை நான்தான் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு விழித்தேன். நாலு பத்துக்கு எழும்பவே இல்லை. மாதக்கணக்கில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை, உடம்பெல்லாம் லேசாக இருந்தது. தொட்டில் பக்கம் போகவில்லை. போய் எட்டிப் பார்த்தால் எழும்பிவிடுவான் என்று சத்தமில்லாமல் குளித்துவிட்டுக் கிளம்பினேன். பிள்ளைகளுக்கு அன்று கணக்குப் பரீட்சை. பதினான்கு பேரையும் பெல்லுக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் இறக்கிவிட்டேன். வண்டியைத் திருப்பும்போது போன் வந்தது. லேகா அலறவில்லை. "கேட்டியளா, உண்ணி எழும்பல்ல" என்று மட்டும் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ரத்தத்தில் மருந்து இருந்தது, லேகாவுக்கும் உண்ணிக்கும். நீங்கள் அவளை விசாரித்தபோது, "நான்தான் எடுத்திருப்பேன், எனக்கு ஓர்மை இல்ல" என்று சொல்லியிருக்கிறாள். அவள் எடுக்கவில்லை. மூன்று நாளாக அவளை இங்கே உட்காரவைத்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன். அவள் தூங்கினாள், அவ்வளவுதான். அதுவும் நான் தூங்கவைத்ததால்.

இதோடு நிறுத்தினால், தெரியாமல் நடந்த தப்பு என்று நினைப்பீர்கள். தாய்க்குக் கொடுத்தது பாலில் இறங்கும் என்று ஒரு வேன் டிரைவருக்கு எப்படித் தெரியும் என்று வக்கீலும் கேட்பார். அதனால் ஒன்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் ரினியிடம் கேட்டேன். லேகாவுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, மாத்திரை கொடுக்கலாமா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "பாலு குடுக்கிய தள்ளை எது தின்னாலும் பிள்ளைக்கும் போவும் அண்ணா. பாத்து சூட்சிக்கணும்" என்றாள். குமாரி அத்தை கிலுகிலுப்பையை ஆட்டியபோதே எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்திருந்தது. சந்தேகம் இல்லாதவன் எதற்குக் கேட்கப்போகிறான். அவள் சொன்ன நிமிடத்தில், உண்ணியின் தூக்கம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. மூன்று நாளில் அவன் எதையும் பழகவில்லை.

அன்று பகல் முழுக்க நேரம் இருந்தது. ராத்திரி லேகா தானாகவே வேண்டாம் என்றாள். நான் கிளாஸைக் கீழே வைத்திருந்தால் போதும்.

மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை, வாய்க்கால் கரை, பதினான்கு உயிர் என்றெல்லாம் எழுதலாம் என்றுதான் பேனாவைக் கையில் எடுத்தேன். அது இல்லை சார். எனக்கு ஒரு நாள் தூங்கவேண்டும் என்றிருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள், நாளையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். தெரிந்தே அளந்தேன், தெரிந்தே கொடுத்தேன்.

லேகாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குப்பியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

இங்கே லாக்கப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பாய் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் சரியாக நாலு பத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பரவாயில்லை, உண்ணி நன்றாகப் பழகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.