உறை போட்ட மணி

– …அப்ப நான் குசினியில தேங்காய் திருவிக்கொண்டு நிக்கிறன். "யோகம், முதுகுக்கு எண்ணெய் எட்டுதில்லை, ஒருக்கா வாரும்" எண்டு கூப்பிட்டவர். நான் கையையும் கழுவேல்லை.

– கழுவாமலேயா போனீங்க?

– போய் ரெண்டு கையாலயும் அப்பிவிட்டன். முதுகு முழுக்கத் தேங்காய்ப்பூ. "என்னப்பா, என்னைப் புட்டெண்டு நினைச்சிட்டீரோ" எண்டு சிரிச்சவர். அதோட சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர்தான்.

– அடடா, அதுவா அது! வள்ளத்தில எங்களைத் தீவுக்கு ஏத்திக்கொண்டு போகக்குள்ள நான் கேட்டனான், என்ன வீரசிங்கம், முதுகில உப்புப் பூத்துக் கிடக்கு எண்டு. "பேசாம இரு மச்சான், இது புதுமாப்பிளைப் பவுடர்" எண்டான்.

– அப்பிடியே சொன்னவர்? இதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே நானா.

– நாம அந்த நாளைப் பத்தி எப்ப கதைச்ச தங்கச்சி? பெருநாளைக்கு நான் வாறன். பொங்கலுக்கு நீங்க கூப்பிடுறீங்க. மழையைக் கதைப்பம், அரிசி விலையைக் கதைப்பம். அவ்வளவுதானே.

– அதைத்தான் நானும் யோசிக்கிறன். இண்டைக்குப் பெருநாளும் இல்லை, பொங்கலும் இல்லை. ஸெய்னுதீன் நானா குறிஞ்சாக்கேணியில இருந்து தோணி ஏறி, ஓர்ஸ் ஹில் ஏத்தத்தில சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "அண்டைக்குக் காலமை அவன் கடைசியா என்ன சொன்னவன்" எண்டு கேக்கிறார். கழுத்தில பள்ளிக்கூட ரை வேற. ஆர் அனுப்பினது?

– ஆரும் அனுப்பல்ல.

– நானா…

– சங்கம்தான். சென்ற் ஒல்பன்ஸ் பழைய மாணவர் சங்கம்.

– அதுதானே பாத்தன். அந்த ரையைக் கொஞ்சம் தளத்துங்கோ, மூச்சு முட்டப்போகுது. என்னவாம் சங்கத்துக்கு?

– பள்ளிக்கூடத்துக்கு இந்த ஜூலையோட நூறு வருஷம். அறுபதில அரசாங்கம் மிசன் பள்ளிக்கூடங்களை எடுக்கக்குள்ள, எங்கட ரெக்டர் தரமாட்டன், தனியாவே நடத்துவன் எண்டு நிண்டாரே. அண்டையில இருந்து சுண்ணாம்புக்கும் வழியில்ல. சப்பல் கோயில் கூரைக்குள்ள புறா முட்டையிடுது. இப்ப நூறு எண்டதும் எல்லாருக்கும் ரோசம் வந்திட்டு. வெள்ளை அடிக்காங்க, புல்லு வெட்டுறாங்க.

– நல்லதுதானே.

– கொழும்பால விசுப் ஆண்டகை வாறார். சப்பலில பூசை. பின்னேரம் கிரிக்கெட், பழையவங்களுக்கும் இப்பத்தைப் பொடியன்களுக்கும். என்னையும் பந்து பொறுக்க நிப்பாட்டப் போறாங்களாம்.

– இந்த வண்டியோடயோ? எங்கயால குனிவியள்?

– குனியத் தேவையில்ல. வயித்தில பட்டு நிண்டிடும்.

– கடவுளே… மற்றது?

– மற்றது பாண்ட் வாத்தியம். பழைய காலத்துத் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு ஊர்வலம். நான் அந்தத் தொப்பியோட சப்பலில குந்தியிருந்து கீதம் பாடினதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வரும். "வாயை மட்டும் அசைடா மகன், சத்தம் விடாத" எண்டு வாப்பா சொல்லி அனுப்புவார். பக்கத்தில அவன் கோணேசர் கோயில் திருநீத்தோட நிண்டு, பாதிரியைவிடச் சத்தமாப் பாடுவான்.

– குளிக்கேக்கயும் அதைத்தான் பாடுவார். மற்றது என்ன நானா?

– மற்றது… விருந்து.

– நானா.

– நீச்சல். … தீவு நீச்சல், தங்கச்சி.

– விளங்குது. உங்கட பள்ளிக்கூடத்தில வேற நீச்சல் இருக்கே?

– தேத்தண்ணி நல்லா இருக்கு.

– கோப்பை வெறுமை. கதையைச் சொல்லுங்கோ.

– புதுசா ஒரு விளையாட்டு மாஸ்டர் வந்திருக்கார், பாக்கியரத்தினம் எண்டு. மட்டக்களப்பு ஆள். கூட்டத்தில எழும்பிக் கேக்கார், கிரிக்கெட் எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இருக்கு, தீவில இருந்து துறைக்கு நீந்திவாற வழக்கத்தை ஏன் விட்டீங்க எண்டு. நான்தான் எழும்பிச் சொன்னன். எங்கட துறையில ஒரு கப்பல் மணி தொங்குது. கடைசி ஆள் கரையேறினாத்தான் அதை அடிக்கிற. அடிச்சாத்தான் நீச்சல் முடிஞ்ச. முடிஞ்சாத்தான் அடுத்த வருஷ நீச்சல். ஐம்பத்தேழில கடைசி ஆள் வரல்ல, அதால மணி அடிக்கல்ல எண்டு.

– அதுக்கு அவர்?

– சிரிச்சார். "அப்ப அந்த நீச்சல் இன்னும் நடந்துகொண்டா இருக்கு?" எண்டார்.

– நீங்களெல்லாம் என்ன சொன்னனியள்?

– ஒருத்தரும் சிரிக்கல்ல. அவர் எங்கட முகங்களைப் பாத்தார். அப்பிடியே குந்திட்டார்.

– அது உங்கட மணியல்லோ. எங்கட வீட்டில இவர் அப்பிடித்தான் சொல்லுவார், "ஸெய்னுதீன்ர மணி" எண்டு.

– என்ட மணிதான். எந்த வருஷம் நான் கடைசி இல்ல? களப்புக்குப் பக்கத்தில பொறந்தவன், தண்ணிக்குள்ள கல்லு மாதிரிக் கிடப்பன். அவன் முதலாவதா வந்து, தலையைத் துடைச்சு, சேட்டும் போட்டுக்கொண்டு துறை நுனியில நிண்டு கத்துவான், "ஸெய்னுதீன், சோறு ஆறுது, வாடா!" கடைசி ஆள் வராம முதல் ஆளுக்கும் சோறில்லத்தானே. பள்ளிக்கூடம் தொடங்கின வெள்ளைக்காரப் பாதிரி வச்ச சட்டம்.

– "உவனால எனக்குக் குடல் காஞ்சு போச்சு" எண்டு கலியாணம் முடிச்ச பிறகும் சொல்லுவார்.

– நான் படியில கை வைக்க, ரெக்டர் மணியை அடிப்பார். முழுப் பள்ளிக்கூடமும் எழும்பிக் கை தட்டும். முதலாவது வந்தவனுக்கு அவ்வளவு தட்டமாட்டாங்க.

– அதில இவருக்கு உள்ளுக்க ஒரு எரிச்சல் இருந்தது.

– இருந்திருக்கும், இருந்திருக்கும். … அந்த வருஷம் பழையவங்களும் பொடியன்களோட நீந்தலாம் எண்டாங்க. நான் வந்து படியில கை வச்சன். மணி அடிக்கல்ல. சந்தோஷப்பட்டன் தங்கச்சி. இண்டைக்குத்தான் நான் கடைசி இல்ல எண்டு. துவாயைப் போத்திக்கொண்டு அவனைத் தேடுறன், பகிடி பண்ண…

– காணும் நானா, விடுங்கோ.

– கச்சான் காத்து அப்பிடித் திடீரெண்டு எழும்புமெண்டு ஆருக்கு…

– காணும் எண்டெல்லோ சொன்னன்.

– …சரி.

– நேவி வள்ளங்கள் தேடினது, சுழியோடிகள் இறங்கினது எல்லாம் நானும் கரையில நிண்டு பாத்தனான்தானே. பொழுதுபட்ட பிறகு ரெக்டர் மணிக்கு உறை போடச் சொன்னவர். "வீரசிங்கம் வரும்போது அவிழ்ப்பம்" எண்டு என்னட்ட வந்து சொல்லிப்போட்டுத்தான் பங்களாவுக்குப் போனவர். பாவம், அந்த வெள்ளைக்காரனுக்கு வேற என்ன சொல்லத் தெரியும். நான் அதைப் பிடிச்சுக்கொண்டன். பெரியம்மா பொட்டழிக்க வந்து நிண்டா. "மணி அடிக்கேல்லை, தொடாதையுங்கோ" எண்டன்.

– ஊரே அதைக் கதைச்சது.

– இப்பவும் கதைக்குது. கலியாண வீட்டில என்னை எங்க இருத்திறதெண்டு தெரியாமல் முழிக்கினம். ஆலாத்தி எடுக்கக் கூப்பிடவும் மாட்டினம், ஒதுங்கி நில்லுமெண்டு சொல்லவும் மாட்டினம். நான் இருந்தா, பக்கத்துக் கதிரை கடைசிமட்டும் வெறுமையாத்தான் கிடக்கும். … அப்ப விசுப்புக்கு முன்னால உறையைக் கழட்டி மணி அடிக்கப்போகினம். அதுக்கு யோகம்மா ஓம் எண்டு சொல்ல வேணும். அதுதானே நீங்கள் வந்த அலுவல்?

– அதுதான். சனிக்கிழமை அடிச்சு, அந்த நீச்சலை முடிச்சுப்போட்டு, அங்கயே புது நீச்சலைத் தொடங்குற எண்டு முடிவு. ஆனா நீங்க வேணாமெண்டா வேணாம். அதில எல்லாரும் ஒரே சொல்லு. ஆரும் உங்களை வற்புறுத்தல்ல.

– எனக்குப் பொட்டழிக்க நாள் பாத்துக்கொண்டு, ரையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்.

– அல்லாவே, அப்பிடிச் சொல்லாதீங்க. … தங்கச்சி.

– சொல்லுங்கோ.

– மாட்டன் எண்டு சொல்லுங்க.

– என்ன?

– ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. நான் போய்ச் சொல்லிடுறன். அவங்க வேற என்னத்தையும் வைக்கட்டும். கயிறிழுப்பு வைக்கட்டும்.

– சங்கம் அனுப்பினது என்னட்ட ஓம் வாங்க. நீங்கள் வந்தது இல்லை வாங்கவோ?

– ஓம்.

– வடிவான தூதுவர்தான். … நான் அடிக்கச் சொல்லப்போறன் நானா.

– விளங்கித்தான் சொல்றீங்களா?

– பதினைஞ்சு வருஷம். இப்பத்தைப் பொடியன்கள் எங்கட வீட்டுப் படலையால போகேக்க சத்தம் குறைச்சுக்கொண்டு போகினம். ஏனெண்டு அவைக்கே தெரியாது. அவைக்கும் ஒரு கடல் வேணும்தானே. நீந்தட்டும்.

– வேணாம் தங்கச்சி.

– நெத்தி என்ர. பொட்டும் என்ர. உங்கட முகம் ஏன் கறுக்குது?

– அடிக்க ஏலாது.

– ஏன் ஏலாது?

– அந்த மணிக்கு நாக்கில்ல.

– …

– உறைக்குள்ள வெறும் கோதுதான் தொங்குது. வெள்ளிக்கிழமை கழட்டி மினுக்கப் போறாங்க. அப்ப எல்லாருக்கும் தெரியவரும். அதுதான் முந்தி ஓடி வந்தனான்.

– ஆர் கழட்டினது?

– அண்டைக்கு ரெக்டர் உறையை என்ட கையிலதான் தந்தவர், கட்டு எண்டு. கட்டக்குள்ள பின்னால ஆரோ கதைக்காங்க, விடிய அடிச்சு முடிச்சிடுவம், எத்தனை நாளைக்கு விட்டு வைக்கிற எண்டு. எனக்கு ஏலல்ல தங்கச்சி. கொளுக்கியில இருந்து கழட்டி, துவாய்க்குள்ள சுத்திக்கொண்டு போயிட்டன். எனக்கு எத்தனை தரம் அவன் நிண்டு பாத்தவன். அவனுக்கு ஒருதரம் நாங்க நிக்கப்படாதா?

– இப்ப எங்க அது?

– வீட்டிலதான்.

– வீட்டில எங்க?

– …என்ட பெண்சாதி ஸல்ஹா ஊறுகாய்ச் சாடி மூடிக்கு மேல பாரமா வச்சிருக்கா.

– ஊறுகாய்ச் சாடிக்கோ!

– அவக்கிட்ட நான் என்னெண்டு சொல்லுற? கனமா ஒரு சாமான் கிடந்தது, எடுத்து வச்சிட்டா.

– அப்ப நீங்கள் எனக்குக் கொண்டந்து தாற தேசிக்காய் ஊறுகாயெல்லாம்…

– சிரிக்காதீங்க தங்கச்சி.

– சிரிக்கேல்லை.

– கண்ணெல்லாம் தண்ணி.

– அது சிரிச்சுத்தான்.

– நீங்க கோபிச்சா நான் ஒண்டும் சொல்லமாட்டன். கொண்டுபோய்க் கொளுவுவம் எண்டு எத்தனையோ தரம் வெளிக்கிட்டனான். உங்கட பொட்டைப் பாத்தா மனம் வராது. தங்கச்சி இன்னும் அவனைப் பாத்துக்கொண்டு இருக்கா, நான் ஆரு அதை முடிக்க எண்டு திரும்பிப் போயிடுவன்.

– நாக்கில்லை எண்டு எனக்குத் தெரியும் நானா.

– எப்பிடி? உறையில நான் போட்ட முடிச்சை ஆரும் அவிழ்க்கல்லையே.

– ஏன் அவிழ்க்க வேணும்? கீழால கை போகும். அடுத்த வருஷம் கலவரத்தோட நீச்சலை ஒருத்தரும் நினைக்கேல்லை. அதே நாள் காலமை நான் தனியத் துறைக்குப் போனனான்.

– என்னத்துக்கு?

– அடிக்க.

– நீங்களா?

– ஓம். ஒரு வருஷம் பாத்தன். அவர் வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியாதே? கடலோட எவ்வளவு காலத்துக்கு வாதாடுறது? அடிச்சுப்போட்டு, அதே தண்ணியில நெத்தியைக் கழுவிக்கொண்டு வருவமெண்டு போனனான்.

– அப்ப இந்தப் பொட்டு… இவ்வளவு காலமும் இது ஆருக்குத் தங்கச்சி?

– கையை விட்டன், வெறுமை. ஆரோ கழட்டியிருக்கினம். அப்ப நான் முடிச்சாலும், முடிக்க ஏலாமல் இன்னொரு ஆள் அவரைப் பாத்துக்கொண்டு இருக்குது எண்டு விளங்கிச்சு. ஆரெண்டு தெரியாது. வீட்ட வந்திட்டன். பிறகு வந்த பெருநாளைக்கு நீங்கள் வாசலில நிண்டு, முதல் என்ர நெத்தியைப் பாத்தனியள். பாத்திட்டு மூச்சு விட்டனியள். நான் இதை அழிச்சா அண்டைக்குத்தான் உங்களுக்கு அவர் சாவார் எண்டு தெரிஞ்சுது. சரி, நானாவுக்குக் காணுமட்டும் கிடக்கட்டும் எண்டு நானும் ஒவ்வொரு நாளும் விடிய வச்சுக்கொண்டிருந்தன். இனிக் காணும் நானா. ஸல்ஹாவுக்கு வேற கல்லொண்டு பொறுக்கிக் குடுத்திட்டு, சனிக்கிழமைமட்டும் உறையைத் தொடவேண்டாமெண்டு நான் சொன்னதாச் சங்கத்துக்குச் சொல்லிப்போட்டு, அண்டைக்கு அதைக் கொண்டு வாங்கோ, ரெண்டு பேருமா அடிப்பம். துறையில இறங்கேக்க கீழ்ப்படியில மட்டும் பாத்துக் கால் வையுங்கோ. பாசி இன்னும் அப்பிடியேதான் கிடக்கு.