புழுக்கள் தழை தின்னும் சத்தம்

என் பெயர் பிளசி. வயது 28. தகப்பனார் பெயர் சவரி. முகவரி: மாதா கோயில் தெரு, நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம். மேற்படி முகவரியில் தாய் தந்தையுடனும் தம்பி இனிகோவுடனும் குடியிருந்து வருகிறேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவுமில்லை. முன்பு போலீஸ் ஸ்டேஷனில் நடந்த விசாரணையில், "பாட்டுக் கதையெல்லாம் வேணாம்மா, வெட்டுனத மட்டும் சொல்லு" என்றார்கள். பாட்டுக் கதையைச் சொல்லாமல் வெட்டியது யாருக்கும் விளங்காது என்பதால் குற்றவியல் நடுவர் அவர்கள் முன்பு நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

நானும், என் தம்பி இனிகோவும், தொப்பூரில் சாலையோரம் ஓட்டல் வைத்திருக்கும் சிவக்குமாரின் மகன் பிரபாகரும், எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காட்டுக்கொட்டாயில் இருக்கும் பூவரசனும் சேர்ந்து காலேஜ் நாளிலிருந்து 'கணவாய்' என்ற இசைக்குழு நடத்தி வருகிறோம். பிரபாகர் கிட்டார். பூவரசன் டிரம்ஸ். இனிகோ பேஸ் கிட்டாரும் ஒலிப்பதிவும். நான் கீபோர்டும் பாட்டும். நாங்கள் வாசிப்பது புரோகிரஸிவ் ராக். அது என்ன என்று நடுவர் அவர்கள் கேட்டதற்கு, பாட்டு நீளமாக இருக்கும், தாளம் நடுவில் மாறிக்கொண்டே போகும், கேட்டு ஆட முடியாது, அதனால் எங்களை எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள் என்று சொன்னேன்.

பூவரசனின் தகப்பனார் உயிருடன் இல்லை. தாயார் தீர்த்தம்மாள் பட்டுப்புழு வளர்க்கிறார். அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. அவர்களுடைய பழைய புழு ஷெட்டு சும்மா கிடந்ததால், புழு கூடு கட்ட வைக்கும் பழைய பிளாஸ்டிக் வலைகளையும் கிழிந்த கம்பளிகளையும் சுவரில் அடித்து அதை ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டோம். அதன் பிறகு எங்கள் முதல் ஆல்பத்தை அங்கே ஆரம்பித்தோம். மொத்தமும் ஒரே பாட்டு, நான்கு பாகம். முதல் பாகத்துக்குத் தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து, அதன்மேல் பிரபாகர் கிட்டார் வாசித்தான். இரண்டாம் பாகத்தில் நான் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருப்பேன். மூன்றாம் பாகம் முழுக்கப் பூவரசனின் டிரம்ஸ். நாலாம் பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் வாய்ச்சண்டை முற்றி, ஆல்பமே நின்றுபோகும் நிலைக்கு வந்தது.

அதன் பிறகு ஒருநாள் சாப்பிடும்போது பூவரசன், கடைசிப் பருவத்தில் புழுக்கள் தழை தின்னும் சத்தம் ஓட்டின்மேல் மழை பெய்வது போல இருக்கும் என்று சொன்னான். பிரபாகர் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். நாலாம் பாகத்தில் டிரம்ஸே வேண்டாம், அந்த மழை போதும் என்றான். டிரம்ஸ் வேண்டாம் என்றதற்குப் பூவரசன் கோபித்தான் என்று சிவக்குமார் கொடுத்த புகாரில் இருக்கிறதாம். பொய். "எங்கம்மா புழுவுக்கு எடம் வுட்டு எந்திரிக்கறேன், போ" என்று சிரித்துக்கொண்டே சொன்னவன் அவன்.

தீர்த்தம்மாள் எளிதில் சம்மதிக்கவில்லை. பிளீச்சிங் தண்ணீரில் கால் கழுவாமல் யாரும் புதுப் புழு ஷெட்டுக்குள் வரக் கூடாது. பவுடர், சென்ட், பூ, பத்தி, பீடி எதுவும் கூடாது. என் தலைமுடியை மோந்து பார்த்துவிட்டு, "ஷாம்பு வாசன அடிக்குது, போய் அலசிட்டு வா பாப்பா" என்று திருப்பி அனுப்பினார். பாட்டுக்காரர்களை மைக்கோடு உள்ளே விடுகிற பாவி தான் ஒருத்திதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

புழுக்கள் பழுத்துக் கூடு கட்டப்போகும் தறுவாயில், சித்தேரி மலையில் தீர்த்தம்மாளின் அண்ணன் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. அந்த நேரத்தில் புழுவை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. "நேரத்துக்குத் தழ போட்டுரு கண்ணு. எழவு வூட்டுக்குப் போயிட்டு வரேன், தலைக்கு ஊத்திக்காம உள்ள கால வெக்க மாட்டேன்" என்று பூவரசனிடம் சொல்லிவிட்டு மலை பஸ் ஏறினார்.

அன்று மாலை பூவரசன் தழை போட்டு முடித்த பிறகு மைக் வைத்தோம். ரோட்டுச் சத்தம் வராமல் இருக்க ஜன்னல்களைக் கம்பளி போட்டு மூடினோம். முதல் பதிவில் லாரி ஹாரன் கேட்டது. அடுத்ததில் ஒரு கொசு, மைக் ஓரத்திலேயே ரீங்கென்று பாடிக்கொண்டிருந்தது. விரட்டினோம், இன்னொன்று வந்தது. பிரபாகர் தலையில் அடித்துக்கொண்டான். "எல்லாம் அமைஞ்சிருச்சு, இந்தச் சனியன் புடிச்ச கொசு ஒண்ணு" என்றான். பூவரசன் புழுத் தட்டுகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய், பிளக்கில் செருகும் கொசுமருந்தை எடுத்து வந்தான். அவன் தங்கை பிரியதர்ஷினி ஊருக்கு வந்தபோது குழந்தைக்காக வாங்கி வைத்தது அது. நான், "உங்கம்மா பத்தியே கூடாதுன்னாங்களேடா" என்றேன். "பத்தியில பொக வரும். இதுல வாசனகூட இல்ல பாரு. ஒரே ஒரு டேக், உடனே புடுங்கிடறேன்" என்றான். அதை அவனே செருகினான். எங்களில் யாரும் தடுக்கவில்லை.

அதன் பிறகு மைக்கை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டுடியோவில் நான்கு பேரும் ஹெட்போனில் கேட்டோம். கொசு போய்விட்டது. மழை மட்டும் இருந்தது. இவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எடுத்தது போதும் என்று ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் போன பிறகு மழை மெல்லக் குறைந்தது. ஓட்டில் சொட்டுவது போல ஆனது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றும் கேட்டது. அப்புறம் நின்றது. பிரபாகர் கண்ணை மூடிக்கொண்டு, "முடிவே தன்னால வந்து விழுந்துருச்சு" என்றான். நாங்கள் கை தட்டினோம். பூவரசனும் தட்டினான். தட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் கையை நிறுத்தி, "தழ இன்னும் கெடக்குமேடா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை உதறிவிட்டு ஓடினான்.

புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. கொசுமருந்தைப் பிடுங்கி எறிந்தோம், ஜன்னல்களைத் திறந்தோம், ஃபேன் போட்டோம், தண்ணீர் தெளித்தோம். ஒன்றும் பிழைக்கவில்லை. மறுநாள் காலை தீர்த்தம்மாள் வந்தார். குளிக்கவில்லை, காலும் கழுவவில்லை, எழவு வீட்டுச் சேலையோடு நேராக உள்ளே போனார். ஒவ்வொரு தட்டாகக் கையை வைத்துப் பார்த்தார். வாசலில் நான் பழக்கதோஷத்தில் பிளீச்சிங் தண்ணீரில் கால் வைத்ததைப் பார்த்துவிட்டு, "இனிமே எதுக்கு? அப்படியே வா" என்றார்.

புழுக்களைக் கூடைகூடையாக அள்ளிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடிய பிறகு, அன்று மதியம் பிரபாகர் ஸ்டுடியோவில் லேப்டாப்பைத் திறந்தான். அழித்துவிடு என்றான் பூவரசன். பிரபாகர், "செத்தது செத்துப்போச்சு. இதையும் அழிச்சா அதுங்க சும்மாவே செத்ததா ஆயிடும்டா. நாலாம் பாகம் இதுதான்" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னான். "அது பாட்டு இல்லடா. எங்க வூட்டு எழவு" என்று சொல்லிப் பூவரசன் தழை வெட்டும் கொடுவாளை எடுத்து, மேசைமேல் பதிவு இருந்த ஹார்டு டிஸ்க்கைப் பார்த்து ஓங்கினான். கொடுவாள் விழும்போது பிரபாகர் டிஸ்க்கின்மேல் தன் இடது கையை வைத்து மறைத்தான். இரண்டு விரல்கள் போயின. கழுத்துக்கு ஓங்கியதைக் கையால் தடுத்தான் என்று சிவக்குமார் புகார் கொடுத்திருக்கிறார். கொடுவாள் பதிந்த தடம் மேசையில் இருக்கிறது, டிஸ்க்கின் ஓரத்திலும் இருக்கிறது. கழுத்தை வெட்டினால் மேசையில் எப்படிப் பதியும்? நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். இனிகோ துண்டைக் கட்டினான். ஆஸ்பத்திரிக்குப் பைக் ஓட்டியவன் பூவரசன்தான். பிரபாகரை நடுவில் வைத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் பிரபாகர் அவன் முதுகில்தான் சாய்ந்திருந்தான்.

அதன் பிறகு பூவரசனைக் கொலை முயற்சி வழக்கில் கைது செய்தார்கள். பிரபாகரும் அப்பா சொன்னபடியே சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் அவனிடம் கேட்டேன். "டிஸ்க் பத்திரமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டான். இருக்கிறது, என்னிடம்தான் இருக்கிறது என்றேன். "நாலாம் பாகத்த அழிக்க மாட்டேன்னு நீ சத்தியம் பண்ணு, நான் உண்மையச் சொல்லிடறேன். இனிமே நான் கிட்டார் புடிக்க முடியாது பிளசி. நான் வாசிச்சதுன்னு அந்த ஆல்பம் ஒண்ணுதான் மிச்சம், நாலாம் பாகம் இல்லன்னா அது முடியாது" என்றான். அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. அதன் பிறகு ஜெயிலில் பூவரசனைப் பார்த்து இதைச் சொன்னேன். "நான் உள்ளயே கெடந்து சாவறேன். நீ அத அழிச்சிடு. எங்கம்மா காதுல அது என்னைக்கும் வுழக் கூடாது" என்றான்.

எனக்கு வேறு வழி தெரியாமல் தீர்த்தம்மாளிடம் போய் இரண்டு பேர் சொன்னதையும் சொன்னேன். "போடு, கேக்கறேன்" என்றார். கட்டிலில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத் தின்னுதுங்க" என்றார். சத்தம் குறையத் தொடங்கியதும் கண்ணைத் திறக்காமலே கட்டிலில் கையூன்றி, "தழ தீந்துபோச்சாட்டம் இருக்குது, போட்டுட்டு வந்தர்றேன்" என்று எழுந்துவிட்டார். ஒயர் இழுத்தது. அப்படியே நின்றார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"அழிக்காத. எம்புள்ள வூட்டுக்கு வரட்டும்" என்றார்.

அழிக்காவிட்டால் அவன் உங்களோடும் பேச மாட்டான் அம்மா என்றேன்.

"பேசாட்டிப் போவுது. வூட்ல இருப்பானில்ல" என்றார்.

அதன் பேரில் பிரபாகருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். அவன் வந்து உண்மையைச் சொல்வான். சொல்லாவிட்டாலும் நான் கண்ணால் கண்டது இதுதான். டிஸ்க்கை இன்று நடுவர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். அதைக் கோர்ட்டில் போட்டுக் கேட்கும்போது தீர்த்தம்மாளை வெளியே உட்காரவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் பூவரசனுக்கும் போகும் என்றார்கள். அவன் கேட்டுக்கொண்டதை நான் செய்யவில்லை என்பது அவனுக்கு இதைப் படித்துத்தான் தெரியவரும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ச. பிளசி